பித்தளை அண்டாவும் மீசைக்காரிகளும்

போன ஐப்பசியில் அடைமழை பிடித்திருந்த ஒரு நாள். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து, கம்பெனி வேனிலிருந்து இறங்கி, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே வாசல்படி ஏறினால், அத்தை கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.

"அம்மணி, அந்த மீசைக்காரி கண்ணாடில என்னமோ ஒட்ட வெச்சுட்டு இருக்குது. சீக்கிரம் வந்து பாரு."

செருப்பை எங்கே கழற்றினேன் என்று நினைவில்லை. மீன் தொட்டியின் வலப்பக்கக் கண்ணாடியில், ஃபில்டர் தண்ணீர் வந்து மோதும் இடத்தில், மூன்றும் நான்குமாகக் கொத்துக் கொத்தாக முட்டைகள். கடுகைவிடத் துளி பெரிசு. ஊறின ஜவ்வரிசியில் ஒரு சொட்டு தேன் கலந்தால் வரும் நிறம். அப்போதைக்கு 40 சொச்சம் இருந்தது. ராத்திரி படுக்கப் போகும்போது 71.

இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. அதனால் சந்தோஷத்தைவிட வயிற்றைப் பிசைந்ததுதான் அதிகம்.

எங்கள் வீடு திருப்பூர், அனுப்பர்பாளையத்துப் பக்கம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். வீட்டில் 3 அடித் தொட்டி ஒன்று, 130 லிட்டர் பிடிக்கும். அதில் ஐந்து கோரி மீன்கள். கடைக்காரர்கள் 'கோரி' என்றுதான் சொல்கிறார்கள், முழுப்பெயர் கோரிடோரஸ். தென் அமெரிக்கக் கெளுத்தி வகை, விரல் நீளத்துக்கு மேல் வளராது. செதிலுக்குப் பதிலாக உடம்பில் இரண்டு வரிசைத் தகடுகள், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. பெயரிலேயே தலைக்கவசமும் தோலும் இருக்கிறதாம், கிரேக்கத்தில். நம்மிடம் விற்கிற பழுப்பு நிறக் கோரிக்கும் அதன் வெள்ளை ரகத்துக்கும் 2024-ல் விஞ்ஞானிகள் பெயரை மாற்றி ஆஸ்டியோகாஸ்டர் என்று வைத்துவிட்டார்கள். கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பார்கள்.

கம்பெனியில் "வீட்ல கெளுத்தி முட்டை வெச்சிருக்குது" என்று சொன்னதும் பக்கத்து டேபிள் அக்கா, "ஏனுங், அதைய வளர்த்தா கேஸ் போடறாங்களாமே?" என்று பயந்துவிட்டார். அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம் குளத்து மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்பதால் அதற்குத்தான் தடை. இது கெளுத்திக் குடும்பத்தில் ஊமைப் பிள்ளை. யாரையும் துரத்தாது, மண்ணில் மீசையை வைத்துத் துழாவிக்கொண்டே கிடக்கும். நடுவில் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே வரும். அந்தக் காற்றைக் குடலில் வைத்தே மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. முதல் வாரம் இது தெரியாமல், மூச்சு முட்டுகிறது என்று இரண்டாவது ஏர் பம்ப் வாங்கி வைத்தேன்.

இன்னொன்று. "டேங்க் கிளீனர், கசடெல்லாம் தின்னுக்கும், தீனி தேவையில்லை" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். நம்பாதீர்கள். கழிவை எந்தக் கோரியும் தின்னாது. பட்டினி போட்டால் வயிறு ஒட்டிச் சாகும், முட்டைக்கு எங்கே போவது? கீழே அமிழ்கிற தீனி, வாரம் மூன்று நாள் புழு. இது கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பெண்கள் இரண்டும் உருண்டன.

ஆண் பெண் பார்ப்பது பக்கவாட்டில் தெரியாது. மேலேயிருந்து பாருங்கள். பெண் நடுவில் அகலமாக, ஆண் ஒல்லியாகக் கயிறு மாதிரி. என்னிடம் இருந்தவை வெள்ளையில் இரண்டு பெண், இரண்டு ஆண். அப்புறம் பழுப்பில் ஒரு ஆண், கடையில் தெரியாமல் கலந்து வந்தவன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முந்தைய மூன்று தோல்விகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை முட்டையைத் தொட்டியிலேயே விட்டேன்; காலையில் கண்ணாடி சுத்தம். அதே தொட்டியில் இருந்த கப்பி மீன்கள் தின்றது பாதி, பெற்றவர்களே தின்றது பாதி. இரண்டாம் தடவை முட்டைகளை எடுத்து டிபன் டப்பாவில் போட்டு, காற்றே விடாமல், பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் ப்ளூவைக் கண் மதிப்பில் ஊற்றினேன். தண்ணீர் ஊதா மசியாகிவிட்டது, அத்தனையும் போச்சு, அத்தையின் சாப்பாட்டு வட்டலில் விழுந்த கறை இன்றைக்கும் போகவில்லை. போகாதுதான். மெத்திலீன் ப்ளூவை 1876-ல் ஜெர்மனியில் துணிக்குச் சாயமாகத்தான் முதலில் செய்தார்கள், மருந்தானது அதற்குப் பிறகு. சாயப்பட்டறை ஊரில் இருந்துகொண்டு சாயத்தை அளக்கத் தெரியவில்லை எனக்கு. மூன்றாம் தடவை 9 குஞ்சு பொரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று வேகவைத்த கோழிமுட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் பால் மாதிரி, நாற்றம் வாசல்வரை. ஒன்பதும் போய்விட்டன. அன்று சாயங்காலம் நான் சாப்பிடவில்லை என்பதை என் வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் உண்மையான பிரச்சினை முட்டை அல்ல, தண்ணீர். எங்கள் தெருவில் நல்ல தண்ணி 8 நாளைக்கு ஒருதடவை. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றிலிருந்து வருகிற தண்ணீர். பாக்கி எல்லாவற்றுக்கும் போர் தண்ணிதான், சப்பைத் தண்ணி, சோப்பு போட்டால் நுரை வராது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் போர் தண்ணி 1300 காட்டியது, நல்ல தண்ணி 140. கோரிகள் சப்பைத் தண்ணியில் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். முட்டை வைக்கவேண்டுமென்றால் அதன் ஊரில் மழைக்காலம் வந்ததுபோல இருக்கவேண்டும்: தண்ணீர் கொஞ்சம் குளிரவேண்டும், உப்பு குறைந்து மென்மையாகவேண்டும். அதற்காக நான் 15 லிட்டர் 15 லிட்டராக நல்ல தண்ணியை ஒருநாள் திறந்துவைத்து, குளோரின் போனபிறகு தொட்டியில் ஊற்றுவேன். அதை அத்தை பார்த்துக்கொண்டே இருப்பார். நேராக என்னிடம் சொல்லமாட்டார். காய்கறி வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "எங்கூட்ல மீனுக்கு ஆத்துத் தண்ணி, மனுசனுக்குச் சப்பைத் தண்ணிங்க" என்பார்.

அத்தைக்கு ஊர் கொடுமுடிப் பக்கம், காவிரிக்கரை. கெளுத்தி என்றால் அவருக்குக் குழம்பு. சின்ன வயசில் கெளுத்தி முள் குத்தி, கை வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாராம். என் கோரிக்கும் முள் உண்டு. மேல்துடுப்பிலும் பக்கத்துடுப்பிலும் முன்னால் ஒரு முள்ளு, பயந்தால் விறைத்துக்கொள்ளும். வலையில் பிடித்தால் சிக்கிக்கொண்டு எடுக்கவே முடியாது, வலையைத்தான் வெட்டவேண்டும். டம்ளரில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான்.

நல்ல தண்ணிச் சண்டை முடிந்தது மழையால். மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வீணாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இதைய புடிச்சு உம்பட மீனுக்கு ஊத்தேன், குடிக்கற தண்ணிய விட்டுப்போட்டு" என்றார். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னும் தெரியவில்லை. சொன்னதோடு நிற்காமல், பரணிலிருந்து அவருடைய கல்யாணத்துப் பித்தளை அண்டாவை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, குழாய்க்குக் கீழே வைத்துவிட்டார். அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் அடித்தது, இரண்டு ஆள் தூக்கவேண்டும்.

நான் வேண்டாம் என்றேன். பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். மழைத் தண்ணீரில் உப்புச்சத்தே கிடையாது, அதனால் பாத்திரத்திலிருந்து செம்பை இன்னும் சுலபமாக இழுத்துக்கொள்ளும். மனுசனுக்கு ஒன்றும் ஆகாத அளவு செம்புகூட மீனுக்கு விஷம். முட்டைக்கும் நத்தைக்கும் கேட்கவே வேண்டாம். இதை விளக்கிச் சொல்வதற்குள் அத்தையின் முகம் மாறிவிட்டது. "செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு டிவிலயே சொல்றான். உம்பட மீனுக்கு மட்டும் ஆகாதாக்கும்?" அரை நாள் பேச்சில்லை. சாயங்காலம் பார்த்தால் அண்டாத் தண்ணீரில் தலைக்கு வாத்துக்கொண்டு முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், குழாய்க்குக் கீழே எவர்சில்வர் போசிகளும் பிளாஸ்டிக் பக்கெட்டுகளும் வரிசையாக நிற்கின்றன. அதோடு, "மொத மழைத் தண்ணிய புடிக்கல, மாடி அழுக்கெல்லாம் வரும். அரை மணி நேரம் போவுட்டுத்தான் வெச்சேன்" என்றார். நான் சொல்ல வாயெடுத்ததும் அதைத்தான்.

முட்டை வைத்த அன்று மத்தியானம் நான் கம்பெனியில் இருந்தபோது, அவரே மூன்று பக்கெட் பழைய தண்ணீரை மொண்டு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மூன்று பக்கெட் மழைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். 28 டிகிரி இருந்தது 26-க்கு இறங்கியது. முழுக்க மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அதில் சத்தே இல்லை, தண்ணீரின் புளிப்பு சட்டென்று மாறிவிடும். மூன்றில் ஒரு பங்கு போதும். வெளியே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, உள்ளே குளிர்ந்த தண்ணீர். அதுகளுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று ராத்திரி நானும் அத்தையும் சோற்று வட்டலைக் கையில் வைத்துக்கொண்டே தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் மூன்றும் பெரிய பெண்ணின் முதுகில் மீசையால் தடவிக்கொண்டு சுற்றுகின்றன. ஒருத்தன் அவளுக்கு முன்னால் போய்க் குறுக்கே நிற்கிறான். அவள் நேராகப் போய் அவன் வயிற்றில் வாயை வைத்து ஒட்டிக்கொள்கிறாள், ஆங்கில டி எழுத்து மாதிரி. அவன் பக்கத்துடுப்பை மடக்கி அவள் மீசையை இடுக்கிக்கொள்கிறான். ஒரு நடுக்கம். இரண்டும் அப்படியே சில நொடி உறைந்து நிற்கும்.

"அதென்ன, பொட்டை போயி கெடாவோட வயித்துல மூஞ்சிய வெச்சுட்டு நிக்குது? எல்லாம் தலகீழா இருக்குது" என்றார் அத்தை.

அவள் விந்தைக் குடிக்கிறாள். அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, பிறகு சொல்லியே விட்டேன். ஜப்பானில் சில ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1995-ல் எழுதியிருக்கிறார்கள். பெண் ஆணோடு ஒட்டியிருக்கும் நேரத்தில் அவள் வாய்ப்பக்கம் நீலச் சாயத்தை விட்டுப் பார்த்தார்களாம். சில நொடிகளில் சாயம் பின்பக்கம் வெளியே வந்துவிட்டது. குடித்தது குடல் வழியாக விறுவிறுவென்று இறங்கி, வயிற்றுத் துடுப்புகள் இரண்டையும் கூப்பி அவள் வைத்திருக்கும் பைக்குள் முட்டையோடு சேர்கிறது. அத்தை கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அதுக்கு அறிவைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

பிரிந்ததும் அவள் கூப்பிய துடுப்புக்குள் மூன்று நான்கு முட்டையை வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு நடப்பவள்போல, தொட்டியை ஒரு சுற்று வருவாள். கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் துடைப்பாள். வேண்டாம் என்று விடுவாள். இன்னோர் இடம். பிடித்துப்போனால் வயிற்றை அழுத்தி ஒட்டிவிட்டு, மறுபடியும் போய் நிற்பாள். பத்தரைவரை இது நடந்தது.

முட்டை வைத்தவுடன் தொடக்கூடாது, கூழாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் தோல் கெட்டிப்படும். பழைய ஏடிஎம் கார்டை வைத்து அடியிலிருந்து மெதுவாகத் தள்ளினால் உருண்டு வந்துவிடுகிறது. தீபாவளி ஸ்வீட் வந்த பிளாஸ்டிக் டப்பா நான்கைந்து கிடந்தது. ஒன்றை நன்றாகக் கழுவி, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, தொட்டியிலேயே மிதக்க விட்டேன், சூடு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. காற்றுக் குழாய் ஒன்று, ஒரு நொடிக்கு ஒரு குமிழி. மெத்திலீன் ப்ளூ இந்தத் தடவை இல்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே நாட்டு வாதுமை மரம் நிற்கிறது, அதன் காய்ந்து விழுந்த இலையில் கையகலம் கிழித்துப் போட்டேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், பூஞ்சை அவ்வளவாக அண்டாது.

மறுநாள் காலையில் தொடங்கியது என் வேலை. பத்து வருஷமாக வெளிச்ச டேபிளில் துணியை விரித்து ஓட்டை, ஆயில் கறை, பிசிறு தேடுகிறவள் நான். முட்டையும் அப்படித்தான். நல்ல முட்டை கண்ணாடி மாதிரி, நாளாக ஆக உள்ளே பழுக்கும். கருத்தரிக்காத முட்டை பால் வெள்ளையாகும், அடுத்த நாள் அதில் பூஞ்சை பூக்கும், ஓவர்லாக் மெஷினுக்குக் கீழே சேர்கிற பஞ்சு மாதிரி. அந்தப் பஞ்சு பக்கத்து முட்டையையும் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் காலை ஒருதடவை, ராத்திரி ஒருதடவை, செல்போன் டார்ச்சில் பார்த்து, வெள்ளையை எல்லாம் இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்தேன். சந்தேகமாக இருந்தால் லேசாகத் தொட்டுப் பார்ப்பேன்: நல்லது உருளும், கெட்டது நசுங்கும். 71-ல் 27 ரிஜெக்ட். கம்பெனியில் இந்தக் கணக்குக் கொடுத்தால் மேனேஜர் மயங்கி விழுவார்.

மூன்றாம் நாள் முட்டைக்குள் ஒரு வால் துடித்தது. நாலாம் நாள் சாயங்காலம் பொரிய ஆரம்பித்து, விடியும்போது 38 குஞ்சு. ஓர் அரிசி நீளம்கூட இருக்காது. வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும் பை, இரண்டு பக்கமும் முளைத்த மீசை. அந்தத் தம்மாத்துண்டுக்கு மீசை!

இரண்டு நாள் எதுவும் போடவேண்டாம், அந்த மஞ்சள் கருவே சோறு. அதற்கப்புறம் ஆர்டீமியா, உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் வகை. அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் காற்று விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரிந்து ஆரஞ்சுப் புகை மாதிரி நீந்தும். அதை வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போடவேண்டும், கோரிக்கு உப்பு ஆகாது. வடிகட்ட முதலில் பனியன் துணியை எடுத்தேன். இழுத்தால் கண் விரிகிற துணி அது, பாதி ஓடிப்போய்விட்டது. அத்தை மாமாவின் பழைய வேட்டியில் ஒரு சாண் கிழித்துக் கொடுத்தார். கொசுப்புழுவுக்காகப் பொடக்காலியில் ஒரு பக்கெட் வைத்திருந்தேன், பெரிய மீன்களுக்கு. டெங்கு ஆய்வுக்கு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவரே கவிழ்த்தார், நானும் பேசாமல் நின்றேன். அவர் செய்தது சரிதான்.

38 என்பது 17 ஆனது முதல் மூன்று வாரத்தில். தீனி மிஞ்சினால் அடியில் அழுகும், குஞ்சு அடியிலேயே படுத்திருக்கும், முதலில் அதைத்தான் தாக்கும். தினமும் பாதித் தண்ணீரை ஏர் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விட்டேன். இருந்தும் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய ஒரு நாளில் மட்டும் 8 போயின. நான் கம்பெனியில். பேட்டரி பம்ப் அதற்கு மறுநாள் வாங்கினேன்.

இப்போது பழுப்பனைப் பற்றி. முட்டைக்குள் கண் தெரிய ஆரம்பித்தபோதே கவனித்தேன்: பெரும்பாலான முட்டைகளில் கறுப்புப் புள்ளி இரண்டு. வெள்ளைக் கோரிக்குக் கண் சிவப்பு, அதன் குஞ்சுக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும். வெள்ளை நிறம் அடங்கிப்போகிற குணம்; தாய் வெள்ளை, தகப்பன் கலப்பில்லாத பழுப்பு என்றால் குஞ்சு எல்லாம் பழுப்புதான். வளர்ந்த 17-ல் 12 பழுப்பு, 5 வெள்ளை. நான் பார்த்த மட்டும் குறுக்கே குறுக்கே போய் நின்றவர்கள் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். இவன் எப்போது போனான் என்றே தெரியவில்லை. "நீ கம்பெனில இருந்து வரக்குள்ளயே அவன் வேலைய முடிச்சுட்டான்" என்றார் அத்தை.

போன வாரம் ஆறு குட்டிகளைக் கடையில் கொடுத்து, பதிலுக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி வந்தேன். எந்த ஆறு என்று தேர்ந்தெடுத்தது அத்தை. டம்ளரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, திரும்ப விட்டு, மறுபடி பிடித்து. வெள்ளையில் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. பழுப்பில் காது மாதிரி ஒரு பக்கத்துடுப்பு மடங்கின குட்டி ஒன்று உண்டு, செக்கிங்கில் நான் முதலில் ஒதுக்கியிருப்பேன். அதையும் கொடுக்கவில்லை.